பழைய கார் மீட்டர் லைட் எரியவில்லையா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

இருட்டிய பிறகு லைட் ஸ்விட்சை ஒரு கட்டம் மட்டும், அதாவது பார்க்கிங் லைட் வரை, திருப்புங்கள். இறங்கிப் பின்னால் போய்ச் சிவப்பு விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் மீட்டர் வெளிச்சம் இந்த விளக்குகளின் கிளைதான். அவையும் எரியவில்லை என்றால் மீட்டரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கோளாறு பியூஸிலோ லைட் ஸ்விட்சிலோ இருக்கிறது. அவை எரிந்து மீட்டர் மட்டும் இருண்டு கிடந்தாலும் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். மீட்டரைக் கழற்றுவதில் உடையக்கூடியவை நிறைய. கோளாறு அங்கேதான் என்று தெரிந்த பிறகு கழற்றினால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் மீட்டருக்குப் பின்னால் தனித்தனிப் பல்பு சொருகிய கார்களுக்குப் பொருந்தும். எல்இடியைப் பலகையிலேயே சால்டர் செய்து வந்த மீட்டருக்கும், முழுக்க டிஜிட்டல் எண்களாக ஒளிரும் மீட்டருக்கும் வேலை வேறு.

எது எதோடு சேர்ந்து அணைகிறது

உள்ளே உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். ஏசி அல்லது ஹீட்டர் பட்டன்கள், கடிகாரம், ரேடியோ ஆகியவற்றின் இரவு வெளிச்சமும் மீட்டரோடு சேர்ந்து போயிருந்தால் முதல் சந்தேகம் டிம்மர் மேல்தான். டிம்மர் என்று இங்கே சொல்வது ஹெட்லைட்டை உயர்த்தித் தாழ்த்தும் ஸ்விட்சை அல்ல, மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரத்தை. மற்றவை எரிந்து மீட்டர் மட்டும் முழுக்க இருண்டிருந்தால் அதன் பின்னால் உள்ள கப்ளரையோ (வயர்களைச் சொருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) எர்த்தையோ (மின்சாரம் காரின் உலோக உடம்பு வழியாகத் திரும்பும் இணைப்பு) பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இருட்டு என்றால் அந்த மூலைப் பல்பு. டேஷ்போர்டை உள்ளங்கையால் தட்டும்போது எரிந்து அணைகிறதா? பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஹோல்டரின் பிடிப்பு போய்விட்டது. இண்டிகேட்டர் போடும்போது மீட்டர் வெளிச்சமும் கூடவே மினுக்கினால் எர்த் கெட்டிருக்கிறது: திரும்பிப் போக நேர்வழி இல்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது.

முதலில் டிம்மர்

துடைக்கும்போது துணி பட்டு இந்தச் சக்கரம் அடிமட்டத்துக்குப் போயிருப்பது சர்வசாதாரணம். அப்படி இல்லை என்றாலும், பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டுச் சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 20, 30 தடவை மெதுவாக உருட்டுங்கள்.

பழைய டிம்மருக்குள் இருப்பது மெல்லிய கம்பிச்சுருளும் அதன்மேல் வழுக்கிப் போகும் ஓர் உலோக நாக்கும்தான். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற நாக்கின் அடியில் களிம்பு பிடித்துவிடும். உருட்ட உருட்ட அது தேய்ந்து, வெளிச்சம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தால் வேலை பாதி முடிந்தது. டிம்மரைக் கழற்றி, சுருள்மேல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய பல்துலக்கியால் லேசாகத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கம்பி முடியளவு மெல்லியது, ஒரு சுற்று அறுந்தாலும் போச்சு. சக்கரம் கடைசி முனையில் நிற்கும்போது மட்டும் பளிச்சென்று எரிந்து, சற்று நகர்த்தினாலே அணைந்தால் சுருள் அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு வேறு டிம்மர்தான்.

புது டிம்மர் கிடைக்கும்வரை, இரண்டே வயர் உள்ள டிம்மரில் அந்த இரண்டையும் 5 ஆம்பியர் பியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் இணைத்துவிடலாம். மீட்டர் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். மூன்று வயர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அது எலக்ட்ரானிக் டிம்மராக இருக்கும்; மூன்றில் ஒன்று எர்த். தெரியாமல் இணைத்தால் பியூஸ் போகும்.

பியூஸ்

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் பார்க்கிங், டெயில், மீட்டர் அல்லது பேனல் என்று எழுதியதைத் தேடுங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர் சிவப்பு, அல்லது 7.5 ஆம்பியர் பழுப்பு. கண்ணால் பார்த்து நல்ல பியூஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். பார்க்கிங் லைட்டைப் போட்டு, பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லேம்பால் தொடுங்கள் (ஒரு வயரைக் காரின் உலோகத்தில் கவ்வி, மறுமுனையால் தொட்டால் மின்சாரம் உள்ள இடத்தில் எரியும் சோதனை விளக்கு). இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் இல்லை என்றால் மின்சாரம் பியூஸ் வரைக்கும் வரவே இல்லை; லைட் ஸ்விட்சைப் பாருங்கள்.

புதிது போட்டதும் மீண்டும் போனால் எங்கோ ஷார்ட். 10 போன இடத்தில் 20 போடுவது பியூஸுக்குப் பதிலாக வயரை எரியவிடும் வேலை. பழைய காரில் முதலில் தேட வேண்டிய இடம் பின்னாளில் மாட்டிய ரேடியோ. அத்தகைய ரேடியோக்களில் ஆரஞ்சில் வெள்ளைக் கோடு போட்ட வயர் இரவு வெளிச்சத்துக்கானது. அதற்காகக் காரிலிருந்து இழுத்த வயரை டேப் சுற்றாமல் விட்டிருந்தால் அது ரேடியோவின் உலோக உடம்பில் உரசிக்கொண்டே இருக்கும். அடுத்தது டிக்கி மூடியின் கீல் பக்கம்: நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயர் அங்கே மடங்கி மடங்கி உறை கிழிந்துபோகும். பியூஸ்களை வரிசையாக எரித்துக்கொண்டு தேடாமல், பியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு சொருகுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது முழுவீச்சில் எரியும். ரேடியோ, நம்பர் பிளேட், பின்விளக்கு என்று ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எதைக் கழற்றியதும் அதன் வெளிச்சம் மங்குகிறதோ அங்கேதான் ஷார்ட்.

கழற்றுவதற்கு முன்

2ஆம் எண் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் குட்டை ஒன்றும் நீளம் ஒன்றும், பிளாஸ்டிக் நெம்பி, மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், மாஸ்கிங் டேப், பென்சில் ரப்பர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. கூடவே, 5 மில்லிமீட்டர் உட்துளை உள்ள ரப்பர் குழாய் இரண்டு அங்குலம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். குட்டிப் பல்பை விரலால் பிடிக்க முடியாது, குறடு உடைத்துவிடும். குழாயை அதன்மேல் செருகி இழுத்தால் அலுங்காமல் வரும். போடுவதற்கும் அதே குழாய்தான்.

பல்பை முன்கூட்டியே வாங்கி வைப்பதைவிட, ஒன்றைக் கழற்றிப் பார்த்து வாங்குவது நல்லது. அடிப்பகுதி தட்டையான கண்ணாடியாக இருந்தால் வெட்ஜ் வகை: 10 மில்லிமீட்டர் தடிமன் இருப்பது டி10, 5 மில்லிமீட்டர் இருப்பது டி5. டி10 பல்பு 3 வாட்டிலும் 5 வாட்டிலும் வரும், வெளித்தோற்றம் ஒன்றேதான். பல்பில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். டி5 பெரும்பாலும் 1.2 வாட். பல்பும் பிளாஸ்டிக் ஹோல்டரும் ஒன்றாகவே பிறந்த வகையும் உண்டு; அதை ஹோல்டரோடுதான் மாற்ற வேண்டும். இன்னும் பழைய கார்களில் உலோக அடியில் இரண்டு முளை கொண்ட, அழுத்தித் திருப்பும் பல்பு இருக்கும்.

வாட் விஷயத்தில் கைநீட்ட வேண்டாம். 1.2 வாட் பல்பு 0.1 ஆம்பியர் இழுக்கிறது, 5 வாட் பல்பு 0.4க்கு மேல் இழுக்கிறது. ‘வெளிச்சம் பத்தவில்லை’ என்று 3 வாட் இடத்தில் 5 வாட் போட்டால் சில வாரம் நன்றாகத்தான் தெரியும். பிறகு ஹோல்டர் உருகி ஒட்டிக்கொள்ளும், பின்பக்கச் சர்க்யூட் தாள் கருகும், மீட்டர் முகப்பின் அச்சு கொப்பளிக்கும். மங்கலுக்குக் காரணம் வேறு இருக்கிறது, அது கீழே வரும்.

மீட்டரை வெளியே எடுத்தல்

1. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் போய் வந்ததும் ரகசிய எண் கேட்கும் ரேடியோ என்றால் அது கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏர்பேக் உள்ள காரில் 10 நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொட வேண்டாம்.

2. ஸ்டீயரிங்கைத் தாழ்த்த முடிந்தால் முழுக்கத் தாழ்த்தி, அதன் மேல்மூடியில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மீட்டர் உரசும் இடம் அதுதான்.

3. மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தில், மேல் விளிம்பின் உட்புறம், கீழ்நோக்கி இரண்டு ஸ்க்ரூ இருக்கும். எடுத்த பிறகும் சட்டம் வரவில்லை என்றால் கிளிப் இருக்கிறது, அல்லது ஏதோ ஸ்விட்சுக்கு அடியில் மூன்றாவது ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. பலம் போடும் முன் தேடுங்கள். பழைய பிளாஸ்டிக் குளிரில் கண்ணாடிபோல் முறியும். வெயிலில் நின்று சூடேறிய காரில் வளைந்து கொடுக்கும்.

4. மீட்டரைப் பிடித்திருக்கும் மூன்று அல்லது நான்கு ஸ்க்ரூவை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஓட்டைக்குரியது என்று டேப்பில் ஒட்டி எழுதுங்கள். நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் மறுபக்கம் எதையாவது துளைக்கும்.

5. மீட்டரைக் கைப்பிடி அளவு முன்னால் இழுத்து, பின்னால் கையை விடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ள காரில் நடுவே ஒரு பிளாஸ்டிக் கழுத்து தட்டுப்படும். அதன் கிளிப்பை அழுத்திக்கொண்டே பின்னுக்குத் தள்ளினால் விடுபடும். சில கார்களில் திருகிக் கழற்ற வேண்டும். கேபிள் நீளம் போதாவிட்டால் இன்ஜின் பக்கமிருந்து யாராவது அதைச் சற்று உள்ளே தள்ளித் தர வேண்டியிருக்கும்.

6. கப்ளர்களை வயரைப் பிடித்து இழுக்காமல் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். பூட்டும்போது குழம்பாமல் இருக்க முன்பே ஒரு போட்டோ.

வெளியே வந்த மீட்டரை வண்டியில் நின்ற வாக்கிலேயே சாய்த்து வையுங்கள். முகம் குப்புற நீண்ட நேரம் போட்டால், முள் ஆடாமலிருக்க உள்ளே சிலிக்கான் எண்ணெய் விட்டிருக்கும் வகைகளில் அது கசிந்து முகப்பில் கறையாகும். முள்ளை விரலால் தொடவே கூடாது.

கோளாறு எங்கே: மூன்று அளவு

மீட்டரைத் திருப்பினால் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடுவது தெரியும். அதுதான் சர்க்யூட். ஒவ்வொரு ஹோல்டரையும் கால் சுற்று திருப்பினால் கையோடு வரும். ஹோல்டரின் இரண்டு பக்கமும் உள்ள பித்தளைக் காதுகள் அந்தச் செம்பின் மேல் அழுந்தி நிற்பதால்தான் பல்பு எரிகிறது. அந்த அழுத்தமும் அந்தச் செம்பின் சுத்தமும் போனால் பல்பு புதிதாக இருந்தும் பயனில்லை.

கழற்றிய பல்பை 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். நல்ல பல்பு மங்கலாகவாவது எரியும். மல்டிமீட்டரில் பார்த்தால் 1.2 வாட் பல்பு ஏறத்தாழ 10 ஓம் காட்டும். கணக்குப்படி 120 ஓம் வர வேண்டுமே என்று குழம்ப வேண்டாம்: இழை சூடாகும்போதுதான் அவ்வளவு, குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான்.

பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை என்றால், பல்புகளைப் பூட்டி, கப்ளர்களை மாட்டி, பேட்டரியைச் சேர்த்து, பார்க்கிங் லைட்டை மட்டும் போடுங்கள். சாவியைத் திருப்ப வேண்டாம்; கப்ளர் ஏதாவது மாட்டாமல் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் எச்சரிக்கை பதிவாகிவிடும் கார்கள் உண்டு. டிம்மரை முழு வெளிச்சத்தில் வையுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் எரியாத பல்பின் இரண்டு பக்கச் செம்பையும் தொடுங்கள்.

ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் 0 என்றால் மின்சாரம் வருகிறது, போகவும் வழி இருக்கிறது. நடுவே உள்ள ஹோல்டர்தான் குற்றவாளி. இரண்டு பக்கமும் 0 என்றால் வரும் வழி அறுந்திருக்கிறது: கப்ளர் முள்ளிலிருந்து செம்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் 12 காணாமல் போகிறதோ அங்கே வெட்டு. இரண்டு பக்கமும் 12 என்றால் திரும்பும் வழி அறுந்திருக்கிறது. இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்ட் லேம்ப் இரண்டு பக்கமும் எரிவதைப் பார்த்து, ‘கரண்ட் நன்றாக வருகிறது’ என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் டிம்மரே எர்த் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும் என்பதால், இப்படிக் காட்டினால் எர்த் போல்ட்டோடு டிம்மரையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

சுத்தமும் ஒட்டும்

களிம்பு பிடித்த செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும், இளஞ்சிவப்பாக மின்னும். உப்புத்தாள் இங்கேயும் கூடாது. செம்புப் படலம் மிக மெல்லியது. ரப்பர் துகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, ஹோல்டரின் பித்தளைக் காதுகளை நகத்தால் அரை மில்லிமீட்டர் வெளியே நெம்பி விடுங்கள். கப்ளரின் முட்களுக்கும் இதே வைத்தியம்.

செம்புக் கோடு அறுந்திருந்தால் ஒரு மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும். வெட்டின் இரண்டு பக்கமும் மேல்பூச்சை 5 மில்லிமீட்டர் சுரண்டி, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, முதலில் செம்பிலும் வயர் முனையிலும் தனித்தனியே ஈயம் ஏற்றி, பிறகு இரண்டையும் ஒரே தொடுதலில் சேர்த்துவிடுங்கள். சால்டரிங் அயன் இரண்டு நொடிக்கு மேல் நின்றால் தாள் சுருங்கிச் செம்பு கழன்றுவரும். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் மின்கடத்தும் வெள்ளிப் பெயிண்ட்டைத் தடவலாம். ஒன்றிரண்டு மீட்டர் பல்புக்கான மின்சாரத்தை அது தாங்கும்.

இனி அந்த மங்கல். ஹோல்டர்களை எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டை வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒளியைச் சிதறடிக்கும் வெள்ளைப் பூச்சு பல்பின் சூட்டில் பழுப்பேறியிருக்கும். மீட்டர் உடம்பைப் பிரிக்க முடிந்தால் அந்த அறைக்குள் மட்டும் மேட் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் எரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் கூடப் பிறந்தவையும் வரிசையில் நிற்கின்றன. மீட்டர் வெளிச்சப் பல்புகள் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவதே புத்திசாலித்தனம். முன்கண்ணாடியை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். அக்ரிலிக் நுண்விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும்.

எல்இடி போடலாமா

போடலாம், இடம் பார்த்து. சூடு குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் கம்பிச்சுருள் டிம்மருக்கு எல்இடி இழுக்கும் மின்சாரம் மிகச் சிறியது. சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சம் சரியாகக் குறையாது, இருட்டுச் சாலையில் கண் கூசும். பல்பின் மேல் பச்சை அல்லது நீல உறை மாட்டிய இடத்தில் வெள்ளை எல்இடியைச் சொருகினால் மங்கலாகவும் வேறு நிறமாகவும் தெரியும். உறை என்ன நிறமோ எல்இடியும் அந்த நிறம்தான் இருக்க வேண்டும், அல்லது உறையைக் கழற்ற வேண்டும். நேராக மட்டும் ஒளி வீசும் வகை நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தாற்போல் தெரியும். பக்கவாட்டிலும் வீசும் வகையை வாங்குங்கள். சொருகியும் எரியவில்லை என்றால் தலைகீழாக இருக்கிறது, 180 பாகை திருப்பிச் சொருகுங்கள்.

இடமும் வலமும் சேர்த்து ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள மீட்டரில் அதற்கு எல்இடி ஒத்துவராது. அந்தப் பல்பு இரண்டு பக்க வயருக்கும் நடுவே தொங்குவதால் ஒரு பக்கம் போடும்போது எரியும், மறுபக்கம் எரியாது. ஏர்பேக், ஏபிஎஸ் எச்சரிக்கைப் பல்புகளையும் விட்டுவிடுங்கள்.

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கை எல்இடியாக மாற்றவே கூடாது. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் முதலில் விழித்தெழத் தேவையான மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் சொற்ப மின்சாரம் அதற்குப் போதாமல், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தும் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகும்.

பூட்டும் முன்

எல்லா ஸ்க்ரூவையும் முறுக்குவதற்கு முன், கப்ளர்கள், கேபிள் எல்லாம் மாட்டியாயிற்றா என்று பார்த்து, பேட்டரியைச் சேர்த்து, பார்க்கிங் லைட்டைப் போட்டு டேஷ்போர்டைத் தட்டிப் பாருங்கள். மினுக்கினால் ஹோல்டரின் காதை இன்னும் சற்று நெம்ப வேண்டும். கேபிள் கழுத்து ‘டிக்’ என்று உட்கார்ந்ததா என்பதையும் கவனியுங்கள். அரைகுறையாக நின்றால் ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கும். பிறகு சாவியைத் திருப்புங்கள். பேட்டரிச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும், பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும்போதே அந்த விளக்கு எரியவில்லை என்றால் வண்டியை எடுக்காமல் மீட்டரை மீண்டும் முன்னால் இழுத்து, அந்த ஒரு ஹோல்டரைக் கால் சுற்று திருப்பிச் சரியாக உட்கார வையுங்கள்.